“உங்களுக்கு ஒண்ணுமில்லை” என்று சொன்ன பிறகு கழிந்த ஏழு மாதங்கள்

2023 நவம்பர். ராத்திரி எட்டரை மணி இருக்கும். பேக்கிங் செக்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் காலை கன்டெய்னர் ஏற்ற வேண்டும். பாலிபேக்கில் எம் சைஸ் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் எல் ஒட்டியிருப்பதை செக்கிங் பெண் ஒருத்தி கவனித்துச் சொன்னாள். எத்தனை பெட்டியில் அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. மொத்தம் 4,200 பீஸ். எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன், நெஞ்சு திடீரென்று அடிக்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் அடிக்குமே, அப்படியில்லை. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. கை விரல் பத்தும் மரத்துப்போனது. உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல இருந்தது. மூச்சு எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். எட்டாவது படிக்கிற மகளுக்கு மறுநாள் யார் தலைவாரி விடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் அப்போது இருந்தது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஆர்டர் கொடுத்ததிலிருந்து நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை ஒவ்வொன்றும் தேதிப்படி நடக்கிறதா என்று விரட்டிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. எங்கே தாமதமானாலும் கேள்வி எனக்குத்தான் வரும். கப்பலை விட்டுவிட்டால் சரக்கு விமானத்தில் போக வேண்டும். “ஏர் போயிடும்” என்ற வார்த்தை எங்கள் ஆபீஸில் சாவுச் செய்தி மாதிரி. அந்த ஒரு செலவு ஆர்டரின் லாபத்தை மட்டுமல்ல, சில சமயம் முதலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அன்று ராத்திரி ஆட்டோவில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பா என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள், ஒரு ராத்திரி படுக்க வைத்துக் கவனித்தார்கள். காலையில் பில் 11,400 ரூபாய். டாக்டர் வந்து, “ஹார்ட் நல்லாருக்குதும்மா. உங்களுக்கு ஒண்ணுமில்ல. டென்ஷன்தான். ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இந்த 11,400 ரூபாயைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன். நெஞ்சு வலியோ, படபடப்போடு மூச்சுத் திணறலோ முதல்முறை வந்தால் அது டென்ஷனா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியோடு தாடை வலி, முதுகு வலி, வாந்தி, மூச்சுத் திணறல் என்று வேறு அடையாளங்களும் வரலாம். “கேஸ்தான்” என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது ஆபத்து.

நான் தவறியது அதற்குப் பிறகு. “ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சொன்னதும், “அப்ப இது என்னங்க டாக்டர்? மறுபடி வந்தா என்ன பண்ணட்டும்? யாரைப் பாக்கட்டும்?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேன்ட் பைக்குள் ரிப்போர்ட்டைத் திணிக்கிற மாதிரி அந்த வார்த்தையைத் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருபது நாள் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மறுபடி அதே மாதிரி வந்தது. இதயம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இப்படி அடிக்கிறது என்றால் அவர்கள் எதையோ கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அங்கிருந்து ஓட்டம் ஆரம்பித்தது.

இதய நிபுணர், எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் சேர்த்து 5,200. அங்கேயும் “ஒண்ணுமில்ல.” நெஞ்சு எரிச்சல் இருக்கிறதே, வயிறாக இருக்குமோ என்று எண்டோஸ்கோபி, கன்சல்டிங் சேர்த்து 4,600. “லேசா புண்ணு, வேற ஒண்ணுமில்ல.” தலை கிறுகிறுக்கிறதே என்று மூளைக்கு எம்ஆர்ஐ, 7,500. ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்த இருபது நிமிஷமும் அழுதுகொண்டே இருந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவை “ஒண்ணுமில்ல” என்று கேட்டபோதும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் முன்னைவிடப் பயம். இதற்கு நடுவில் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு நாள், “எல்லா டாக்டரும் ஒண்ணுமில்லங்கறாங்க, நீதான் இருக்குங்கறே” என்று வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, கடன் வாங்கித்தான் எம்ஆர்ஐக்குக் கட்டினார். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் நடப்பதை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த ஏழு மாதத்தில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் தரையில் தனியாக உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ.

2024 மார்ச்சில், “மூன்று நாளில் மன அழுத்தத்திலிருந்து விடுதலை” என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். மலைமேல் ஒரு இடம். 18,500 ரூபாய் கட்டணம், போக வர 2,300. குறை சொல்ல மாட்டேன், நல்ல இடம்தான். பனி, அமைதி, கஞ்சி, தியானம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று ராத்திரியும் குழந்தை மாதிரித் தூங்கினேன். சரியாகிவிட்டது என்று சந்தோஷத்தில் கண்கலங்கி இறங்கி வந்தேன். திங்கட்கிழமை எட்டு பத்துக்கு சீட்டில் உட்கார்ந்தேன். படிக்காத மெயில் 64. டையிங்கில் ஒரு லாட் ஷேடு மாறி வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் விரல் மரத்துவிட்டது. மலையில் என் உடம்பு தூங்கியதற்குக் காரணம் அங்கே என் நாள் வேறு மாதிரி இருந்தது. கீழே வந்து அதே நாளுக்குள் நுழைந்தால் அதே உடம்புதான் இருக்கும். இது புரிய எனக்கு 20,800 ரூபாய் ஆனது. அப்புறமும் விடாமல் மனதை அமைதிப்படுத்தும் ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா 2,999 கட்டினேன். பதினோரு நாள் கேட்டேன்.

காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, போடுவது என் தொழில், அதனால் இதற்கும் போட்டேன். முதல் ராத்திரியைத் தவிர்த்து 41,099 ரூபாய். ஒன்பது நாள் சம்பள வெட்டு தனி. இதில் உண்மையில் உதவிய பரிசோதனை எது தெரியுமா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் எடுத்த ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ரத்தசோகை இருந்தாலே படபடப்பும் மூச்சு வாங்கலும் வரும். அத்தனை பெரிய மெஷின்களுக்குள் நுழைந்து வந்தேன், இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான் அதைக் காலை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். டீயும் காபியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நர்ஸம்மாதான் சொன்னார்: “டீக்கும் மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடுங்க, எலுமிச்சைத் தண்ணில போடுங்க.” ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 10.8 ஆனது. பாதி படபடப்பு அதிலேயே குறைந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு வழி காட்டியது எங்கள் செக்கிங் செக்ஷனில் இருக்கும் ஐம்பத்தைந்து வயது அக்கா. ஒரு நாள் டாய்லெட் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, “கண்ணு, எம்பையனுக்கு இதேதான் இருந்துச்சு. ஜிஎச்சுல மனநலப் பிரிவு இருக்குது, அங்க போ. வெக்கப்படாத” என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அத்தையிடம் சொன்னபோது, “பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போறே, பொண்ணு இருக்கிற வீடு” என்றார். ஒரு வாரம் போகாமல் இருந்தேன். 2024 ஜூனில் ஒரு நாள் மகள், “அம்மா, நீ ஏன் எப்பப் பாத்தாலும் கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டே இருக்கே?” என்று கேட்டாள். மறுநாள் ஓபி சீட்டு வாங்கப் போய்விட்டேன்.

அந்த டாக்டரம்மா எல்லா ரிப்போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இதயத்துல கோளாறு இல்லைன்னுதான் அவங்க சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் கஷ்டமே இல்லைன்னு அர்த்தமில்ல” என்றார். ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அதைப் பிரித்துச் சொன்னார். அங்கேயே அழுதுவிட்டேன். இதற்குப் பெயர் பதற்றத் தாக்கம், பேனிக் அட்டாக், பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், கொன்றுவிடாது என்று விளக்கினார். எனக்கு அதைப் புரிந்துகொள்ள எங்கள் பேக்கிங்கில் இருக்கும் ஊசி டிடெக்டர் மெஷின் உதவியது. குழந்தைகள் உடுப்பில் உடைந்த ஊசித் துண்டு இருந்தால் அது கத்தும். சென்சிட்டிவிட்டி ஏறிக் கிடந்தால் பட்டனுக்கும் ஜிப்புக்கும் கூடக் கத்தும். மெஷின் கெட்டுவிட்டது என்று யாரும் தூக்கிப் போட மாட்டோம், அளவை இறக்குவோம். அதுவும் ஒருமுறை இறக்கிவிட்டால் முடிந்ததில்லை. உலோகத் துணுக்குப் பதித்த டெஸ்ட் கார்டை உள்ளே விட்டு மணிக்கொருமுறை சரிபார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மூன்று நாள் மலையில் செய்ய முயன்றதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டியிருந்தது.

குறைந்த அளவில் ஒரு மாத்திரை கொடுத்தார். பத்து மாதம் சாப்பிட்டேன், பிறகு அவர்களே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். பழக்கவழக்கத்தை மாற்றினாலே எல்லாம் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. இரண்டாம் மாதத்தில் நன்றாக இருக்கிறதே என்று நானாக நிறுத்தி, ஒரு வாரம் தலைசுற்றலில் கிடந்தேன். அதைச் செய்யாதீர்கள்.

கவுன்சலிங் அறையில் இருந்த பெண் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு நோட்டு. இரண்டு வாரம், மணிக்கணக்குப்படி, என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன், குடித்தேன், உடம்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். எங்கள் தொழிலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் டி அண்ட் ஏ என்று ஒரு அட்டவணை போடுவோம், எந்தத் தேதிக்குள் எது முடிய வேண்டும் என்று. ஊருக்கெல்லாம் அதைப் போட்டவள் என் உடம்புக்குப் போட்டதில்லை. ‘எப்போதும் டென்ஷனாக இருக்கிறேன்’ என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். நோட்டைப் பார்த்தால் அப்படியில்லை. காலை 5.40-க்குக் கண் திறந்ததும் படுக்கையில் வாட்ஸ்அப் பார்க்கும்போது 7. பதினொன்றேகால் வாக்கில், மூன்றாவது டீக்குப் பிறகு 6. மத்தியானம் 1.30-லிருந்து 3 வரை 8. ராத்திரி ஏழரைக்கு மேல் மறுபடி 8. நடுவில் 2, 3 என்று நல்ல நேரங்களும் இருந்தன, அவை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. மத்தியானமும் ராத்திரியும் ஏன் என்று யோசித்தபோது சிரமமில்லாமல் புரிந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலான பையர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கில் ஒன்பது என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அதாவது என் ஒரு நாளுக்குள் மூன்று விடிகாலை. மூன்று முறையும் உடம்பு புதிதாகப் பதறி எழுந்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த நோட்டை மட்டும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். உங்கள் வேலையில் எந்த மணி உங்களை அரிக்கிறது என்று வெளியாட்கள் சொல்ல முடியாது.

காலையிலிருந்து ஆரம்பித்தேன். போனைச் சமையலறை அலமாரியில் சார்ஜ் போட்டு வைத்தேன், 250 ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் வாங்கினேன். எழுந்த அரை மணி நேரம் போனைத் தொடுவதில்லை. முதல் நாலு நாள் கை நமநமவென்றது, பதற்றம் கூடத்தான் செய்தது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்குப் போனேன். ஆறு வருடமாக ஸ்டிக்கர் கோலம்தான். அதை உரித்துப் போட்டுவிட்டு, தண்ணீர் தெளித்துக் கோலமாவு எடுத்தேன். ஊடுபுள்ளி ஏழு, நாலில் நிறுத்த வேண்டும். அம்மா சொல்லித் தந்தது, கை மறந்திருந்தது. புள்ளி வைக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும், வேறு எதையாவது நினைத்தால் புள்ளி தடித்துவிடும். சிக்குக் கோலத்தில் கோடு ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து அடுத்ததற்குப் போகும்போது மூச்சு தானாக நீண்டு வெளியே போகும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கவனித்தேன். குனிந்து நிமிர்ந்து, காலை வெளிச்சம் முகத்தில் பட, பன்னிரண்டு நிமிஷம். நோட்டில் அந்த நேரத்துக்கு மதிப்பெண் ஏழிலிருந்து மூன்றாக இறங்க மூன்று வாரம் ஆனது. கோலம்தான் போட வேண்டும் என்றில்லை. பூக்கட்டுவதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ, கையும் கண்ணும் சேர்ந்து ஈடுபடுகிற எதுவாக இருந்தாலும் சரி.

டீ விஷயத்தில்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏழு. திருப்பூரில் டீ மாஸ்டர் செக்ஷன் செக்ஷனாக வருவார், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு போல இருக்கும். உடம்புக்குள் போன கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கஃபீன் தரும் படபடப்புக்கும் பயத்தால் வரும் படபடப்புக்கும் நெஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஆத்திரத்தில் ஒரே நாளில் நிறுத்தினேன். மண்டை பிளந்தது, இரண்டு நாள் லீவு. அப்படிச் செய்யாமல் நாலு நாளைக்கு ஒன்று என்று குறையுங்கள். இப்போது காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. மத்தியானத்துக்கு மேல் மோர், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் சுக்குமல்லி. மாஸ்டரிடம் “டாக்டர் வேண்டாம்னுட்டாருங்ண்ணா” என்று ஒரே வார்த்தை, அப்புறம் அவரே என் மேஜையைத் தாண்டிப் போய்விடுவார்.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பாகச் செய்து நானே அதை மோசமாக்கிக்கொண்டிருந்தேன். பதற்றம் வந்தால் “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். நானும் வாயைத் திறந்து வேகவேகமாக இழுப்பேன். அப்படி இழுக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. விரல் மரப்பதும், உதடு குத்துவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர். இழுப்பது கொஞ்சம், மூக்கு வழியாக, நாலு எண்ணும் வரை. விடுவது நிதானமாக, ஆறு எண்ணும் வரை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும், அது உடம்பின் அமைப்பு. முக்கியமான விஷயம், இதை நன்றாக இருக்கும்போது பழக வேண்டும். பதற்றம் வந்த பிறகு முதல்முறை முயன்றால் வேலை செய்யாது. கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் பழகுகிற கதைதான். நான் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஐந்து நிமிஷம், மத்தியானம் ஒன்றேகாலுக்கு ஐரோப்பா மெயில்கள் குவியும் முன் ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு இன்ஸ்பெக்ஷன் நடுவில் பதற்றம் வந்தபோது, யாருக்கும் தெரியாமல் டேபிளைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே நின்றேன். ஏறியது, நின்றது, இறங்கியது. கடிகாரத்தில் எட்டு நிமிஷம். அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் சாப்பிடுவதை நிறுத்தி, செக்கிங் அக்காக்களோடு கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். இருபது நிமிஷம்தான். ஒருவர் கொள்ளுப் பருப்பு கொண்டுவருவார், ஒருவர் அரிசிம்பருப்புச் சாதம். அங்கே பேசுவது எதுவும் ஷிப்மென்ட் பற்றி இருக்காது. நடைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை, அதனால் சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி இருபத்தைந்து நிமிஷம் நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஆறு நாளில் வந்துவிடுகிறது.

கவலையை எழுதி வைக்கிற நேரம் ஒன்று உண்டு. மாலை ஆறு மணி, பதினைந்து நிமிஷம், நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடதுபக்கம் என் கையில் இருப்பது, வலதுபக்கம் இல்லாதது. “மழையில் துணி காயவில்லை” வலதுபக்கம். “லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவலுக்கு ஞாபகப்படுத்தவில்லை” இடதுபக்கம், பக்கத்தில் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று நேரம். ராத்திரி படுக்கையில் அதே கவலை வந்தால், எழுதியாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்ல முடிகிறது. எழுதாத நாளில் அது விடிய விடியச் சுற்றும்.

எல்லாவற்றிலும் பயந்தது மேனேஜரிடம் பேசுவதற்கு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போனைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன், ஆனால் அவரிடம் சொல்லாமல் எடுத்த முடிவு இன்னும் பதற்றத்தைத்தான் தரும். மூன்று வாரம் ஒத்திப்போட்டேன். என்னால் முடியவில்லை, விடுங்கள் என்று கெஞ்சாமல், வேலைக்குத் தகுந்த மாதிரி ஒரு ஏற்பாட்டோடு போனேன். “சார், ஒன்பதரைக்கு மேல மெயில், வாட்ஸ்அப் பாக்க மாட்டேன். ஏர் போற விஷயமா இருந்தா நேரா கால் பண்ணுங்க, எத்தனை மணியானாலும் எடுக்கறேன். மத்ததுக்கெல்லாம் காலைல எட்டரைக்குள்ள பதில் போயிரும்.” அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சரி, பாக்கலாம்” என்றார். அடுத்த நாலு மாதத்தில் எனக்கு வந்த ராத்திரி கால் மூன்று. மிச்சம் அத்தனையும் நானாக என் தலையில் ஏற்றி வைத்திருந்தது. எல்லா முதலாளிகளும் இப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது அவசரம் என்று நீங்களே பிரித்துக் கொடுத்தால் மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

இடையில் எல்லாம் குலைந்ததும் உண்டு. 2025 ஜனவரியில் பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட, இரண்டு ஷிப்மென்ட் ஒரே வாரத்தில். கோலம் இல்லை, நடை இல்லை, டீ மறுபடி ஆறு. ஒன்பதாவது நாள் பதற்றம் மறுபடி வந்துவிட்டது. பழையபடி ஆகிவிட்டேன் என்று இரண்டு நாள் இடிந்துபோய் உட்கார்ந்தேன். கவுன்சலர், மோசமான நாளுக்கென்று தனியாக ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலை நெருக்கும் வாரத்தில் இப்போது மூன்றே மூன்று: மத்தியானத்துக்கு மேல் டீ இல்லை, ஒன்றேகால் மூச்சு, போன் சமையலறையில். கோலத்துக்கு நேரமில்லாவிட்டால் நாலு புள்ளி.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. என் கையில் இருந்த அமெரிக்க ஆர்டர் மூன்றில் இரண்டை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரே நாளில் மெயில். வெட்டி முடித்த துணி டேபிளில் கிடந்தது. அன்று தூக்கம் வரவில்லை, நெஞ்சும் அடித்தது, அது நியாயமான பயம். நோட்டில் வலதுபக்கம் பூராவும் நிரம்பியது. இடதுபக்கம் ஒரே வரி: ஐரோப்பிய பையருக்கு அதே துணியில் சாம்பிள் போட்டுக் காட்டலாமா. மறுநாள் காலை அதைக் கேட்டேன். கழுத்தில் கை வைத்து நாடி பார்க்கவில்லை.

பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எனக்கு 2023-ல் யாராவது இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அரசு மருத்துவ உதவி எண் 104-லும் ஆலோசனை கிடைக்கும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை அங்கேயே இலவசம். இன்சூரன்ஸ் வைத்திருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மற்ற நோய்க்குக் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்க வேண்டும், ஆனால் ஓபி செலவு பெரும்பாலான பாலிசியில் வராது, படித்துப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால் கூட அன்றே போய்ப் பாருங்கள், கோலமும் மூச்சும் அதற்கு மருந்தில்லை.

போன மாதம் அயர்னிங் செக்ஷனில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருந்தன. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தோம், சரியாக இருந்தது. அங்கிருந்த டாக்டரிடம், “அப்ப இது என்னங்க டாக்டர், அடுத்து யாரைப் பாக்கணும்?” என்று நான் கேட்டேன். அவர் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள், “அக்கா, எனக்கு என்னமோ இருக்குதுங்களா?” என்றாள். “இருக்குது கண்ணு. பேரு இருக்குது, மருந்து இருக்குது. நாளைக்கு எட்டு மணிக்கு ஓபி சீட்டு வாங்கணும், நானும் வர்றேன்” என்றேன்.